வடக்கு ஸ்பெயின் 11 நாள்: கடற்கரை + மலை, இந்தத் திட்டம் சரிவருமா?

நீலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் தொடக்கத்தில் நான், மனைவி, 12 வயது மகள், என் அம்மா (63) நான்கு பேரும் ஸ்பெயின் போகிறோம். பார்சிலோனா, தெற்கே அந்தலூசியா எல்லாம் இந்த முறை வேண்டாம் என்று விட்டுவிட்டோம், கோயம்புத்தூர் வெயிலிலிருந்து தப்பித்து இன்னொரு வெயிலுக்குப் போக யாருக்கும் மனமில்லை. மகளுக்குக் கடல், எனக்கு மலை, அதனால் வடக்குக் கரை.

திட்டம் இப்படி: மாட்ரிட்டில் இறங்கி பில்பாவோ, அங்கே கார் எடுத்து சான் செபாஸ்தியான் 2 இரவு, பில்பாவோ 1, சான்தாந்தேர் 1, போத்தேஸ் 1, யானெஸ் 1, ஓவியேதோ 1, ரிபாதேயோ 1, ஆ கொருன்யா 1, சான்தியாகோ 1. அங்கேயே காரை விட்டுவிட்டு மாட்ரிட்டுக்கு ரயில்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நடப்பார், ஆனால் செங்குத்தாக ஏற முடியாது. கார் எடுப்பது நல்லதா, அந்தக் கரையோர ரயில் போதுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

நான் அந்தப் பக்கம் இரண்டு முறை போயிருக்கிறேன், ஒரு முறை மே கடைசி, ஒரு முறை செப்டம்பர். நேரடியாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இது தினமும் பெட்டி கட்டும் திட்டம். சான் செபாஸ்தியானிலிருந்து சான்தியாகோ வரை கிட்டத்தட்ட 700 கி.மீ. சாலை மிக நன்றாக இருக்கிறது, அ-8 நெடுஞ்சாலை கடலை ஒட்டியே போகிறது, தூரம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை மழை.

அந்தக் கரை பச்சைப்பசேலென்று இருப்பதற்குக் காரணமே அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் முட்டி நின்று கொட்டுவதுதான். ஜூனிலும் பெய்யும். பெரும்பாலும் அடைமழை இல்லை, நம் குற்றாலச் சாரல் மாதிரி நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். அந்தத் தூறலுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பாஸ்க் நாட்டில் (சான் செபாஸ்தியான், பில்பாவோ) சிரிமிரி, அஸ்தூரியாஸில் (யானெஸ், ஓவியேதோ) ஒர்பாயு, மேற்கே கலீசியாவில் (ரிபாதேயோ முதல் சான்தியாகோ வரை) ஒர்பாயோ. பெயர் வைக்கும் அளவுக்கு அது அன்றாட விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள். போத்தேஸில் ஒரே ஒரு இரவு வைத்திருக்கிறீர்கள். அன்று மலை முழுக்க மேகம் மூடியிருந்தால் பீக்கோஸ் தே எவ்ரோப்பா மலைத்தொடரைப் பார்க்காமலே ஊர் திரும்புவீர்கள். எனக்கு முதல் முறை அதுதான் நடந்தது. அதே மலையில் உள்ள கோவதோங்கா ஏரிகளுக்குப் போய் ஏரிக்கரையில் நின்றேன், ஏரி தெரியவில்லை, மாட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் இந்த ஊரின் அருமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் கடலிலிருந்து சுமார் 20 கி.மீ.யில் நிற்கின்றன. ஒரே ஊரில் நாலைந்து இரவு தங்கினால், காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து இன்று கடலா மலையா என்று முடிவு செய்யலாம். அதனால் பாதி ஊரை வெட்டுங்கள். சான் செபாஸ்தியான் 2, பில்பாவோ 1, யானெஸ் 4, போத்தேஸ் 2 அல்லது 3. கலீசியாவை இன்னொரு முறைக்கு வையுங்கள்.

இன்னொன்று. போத்தேஸ் இருக்கும் லியேபனா பள்ளத்தாக்கு நான்கு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் மாதிரி. கடலோரத்தில் தூறும்போது அங்கே வெயில் அடிப்பது சாதாரணம், திராட்சையும் கார்க் ஓக் மரமும் வளரும் அளவுக்குக் காய்ந்த இடம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் சங்கரன்கோவில் காய்ந்து கிடக்குமே, அதே கணக்கு.

ரயில்பித்தன்:

ரயில் பற்றிக் கேட்டதால் வருகிறேன். அது மீட்டர் கேஜ் பாதை, முன்பு ஃபேவே என்ற தனி அமைப்பு நடத்தியது, இப்போது ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் கீழ். பில்பாவோவிலிருந்து சான்தாந்தேர், ஓவியேதோ வழியாக ஃபெர்ரோல் வரை போகலாம். பில்பாவோ–சான்தாந்தேர் சுமார் 3 மணி நேரம், சான்தாந்தேர்–ஓவியேதோ சுமார் 5 மணி நேரம், ஓவியேதோ–ஃபெர்ரோல் அதைவிட நீளம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வண்டிதான். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், ஒரு பக்கம் திடீரென்று கடல், வீட்டுத் தோட்டத்தை உரசிக்கொண்டு போகும் இடமெல்லாம் உண்டு. எனக்கு அந்தப் பயணத்தின் மிக நல்ல நாள் அதுதான்.

பாதை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு செய்தி. 2020-இல் இந்தத் தடங்களுக்காகப் புது வண்டிகள் ஆர்டர் கொடுத்தார்கள். பழைய சுரங்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, வண்டியின் அளவு அவற்றுக்குள் போகாது என்று பிறகு தெரியவந்தது. கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் 2023-இல் அது ஸ்பெயின் முழுக்கப் பெரிய விவகாரமாகிப் பொறுப்பில் இருந்தவர்கள் பதவி விலகினார்கள்.

என் கருத்து: சான்தாந்தேரிலிருந்து யானெஸுக்கு ரயிலிலேயே போங்கள். யானெஸ், ரிபாதெசேயா இரண்டிலும் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

மலைப்பாதை:

ரயில்பித்தன் சொல்வது தனியாளுக்குச் சரி. நான்கு பேர், பெட்டிகள், மலைக்கும் போக வேண்டும் என்றால் கார் இல்லாமல் முடியாது. போத்தேஸுக்கு ரயில் கிடையாது, பேருந்து மிகக் குறைவு. மலைமேல் ஏறும் கம்பிவட வண்டி கிளம்பும் ஃபுவென்தே தே அடிவாரத்துக்கு இன்னும் 23 கி.மீ. உள்ளே போக வேண்டும். ஒரு வண்டியைத் தவற விட்டால் அரை நாள் போச்சு.

நீலக்கரை, காரை பில்பாவோவை விட்டுக் கிளம்பும் அன்று எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். சான் செபாஸ்தியானில் வண்டி நிறுத்த இடம் தேடியே மனது நொந்துவிடும், பில்பாவோவிலிருந்து அங்கே பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.விலேயே கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம். நம்மூரில் ஓட்டிப் பழகியவருக்குக் கியர் மாற்றும் கையும் மாறிவிடும், மலைச்சாலையில் அது முதல் நாள் தொல்லைதான்.

எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது மலிவு. கார் வாங்கும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சக்கரத்தில் இருந்த பழைய கீறலுக்கு ஒரு நிறுவனம் 180 யூரோ பிடித்துவிட்டது, படம் இருந்ததால்தான் ஆறு வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்தது.

அடுப்பங்கரை:

அம்மாவின் சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே! என் மாமியாரும் முட்டை சாப்பிட மாட்டார், அவரோடு அஸ்தூரியாஸில் ஒரு வாரம் இருந்தேன், அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "சைவம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பழைய ஊர்க் கடைகளில் பன்றித் தொடை இறைச்சியைப் பலர் கறி என்றே கணக்கில் வைப்பதில்லை. காய்கறித் தட்டில் மேலே இரண்டு துண்டு தூவி வரும். "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாமல் "சின் ஹமோன், சின் ஆத்தூன், சின் வேவோ" (பன்றி, சூரை மீன், முட்டை எதுவும் வேண்டாம்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஃபாபாதா என்ற பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான பயறுக் குழம்பு அஸ்தூரியாஸின் பெருமை, பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், உள்ளே சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் இரத்தத் தொத்திறைச்சியும்தான். பருப்புக் குழம்புக்கும் அதே கதை. தொர்த்தியா என்றால் முட்டை போட்ட உருளைக்கிழங்கு அடை, அதுவும் வேண்டாம்.

அம்மா சாப்பிடக்கூடியது: தக்காளி தேய்த்த ரொட்டி, பாத்ரோன் மிளகாய் (சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்பு தூவித் தருவார்கள், அதிகம் காரம் இருக்காது), வறுத்த உருளைக்கிழங்கு, காளான். அப்புறம் அர்ரோஸ் கோன் லெச்சே! பாலில் அரிசியை மணிக்கணக்கில் குழைய வேகவைத்து, பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டு, அஸ்தூரியாஸில் மேலே சர்க்கரையைச் சுட்டு மொறுமொறுவென்று ஒரு ஏடு கட்டித் தருகிறார்கள். என் மாமியார் முதல் கரண்டியிலேயே "இது நம்ம பால் பாயசம்தானே" என்றார், பிறகு ஊர் ஊராக அதையே கேட்டார். பாலாடைக்கட்டியில் மட்டும் கவனம் தேவை. காப்ராலெஸ் மாதிரி பாரம்பரிய வகைகளில் பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைத்தான் சேர்க்கிறார்கள். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை, பருப்பு கண்ணாடி பாட்டிலில் கிடைக்கும், தயிர் நன்றாக இருக்கும், அரிசி கிடைக்கும். இங்கிருந்து சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி போதும். நெய் கொண்டு போகாதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் எடுத்துவரத் தடை. மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல், இரவு எட்டரைக்கு முன் எந்த உணவகத்திலும் அடுப்பு பற்றாது, வயதானவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது.

நீலக்கரை:

அனைவருக்கும் நன்றி. அடுப்பங்கரை, அந்தப் பாயச வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், விசா வருவதற்கு முன்பே அவர் கிளம்பத் தயார்.

மலைப்பாதை சொன்னதைக் கேட்டு மனைவியும் நானும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கலீசியாவை விடுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: காரெஸ் பள்ளத்தாக்கு நடை பற்றி எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். மகளை அழைத்துப் போகலாமா? அம்மாவுக்கு மலையில் என்ன வழி?

சாரல்விரும்பி:

கலீசியா பற்றி நான் மாறுபடுகிறேன். கத்தீட்ரல்ஸ் கடற்கரையைப் பார்க்காமல் வடக்குக் கரை பார்த்தேன் என்று சொல்லவே முடியாது. கடல் உள்வாங்கும்போது மணலில் இறங்கி நடந்தால் 30 மீட்டர் உயரக் கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், கோயில் பிரகாரத்துக்குள் நடப்பது மாதிரி. அது இருக்கும் ரிபாதேயோவுக்கு யானெஸிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். ஒரு நாள் ஒதுக்கினால் முடியும். ஜூலை முதல் செப்டம்பர் வரையும் ஈஸ்டர் வாரத்திலும் முன்பதிவு கட்டாயம், இலவசம்தான், ஜூனில் நேராகப் போகலாம்.

ஆனால் ஓத நேரம் (கடல் ஏறி இறங்கும் நேரம்) பார்க்காமல் எந்தக் கடற்கரைக்கும் போகாதீர்கள். மெரினாவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம் வரும், அதனால் நம் யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லை. அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கத்தீட்ரல்ஸுக்குக் கடல் முழுதும் வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் மேலே ஏறிவிட வேண்டும். கூல்பியூரிக்கு இதற்கு நேர் எதிர். யானெஸ் பக்கம் வயலுக்கு நடுவே, கடலே கண்ணில் படாத இடத்தில் ஒரு குட்டிக் கடற்கரை, பாறைக்கு அடியில் குகை வழியாகக் கடல் உள்ளே வருகிறது. வற்றிய நேரத்தில் போனால் வெறும் மணல் குழிதான், ஓதம் ஏறும்போது போங்கள். ப்ரீயாவில் பூஃபோன்கள் என்று சுண்ணாம்புப் பாறையில் துளைகள் இருக்கின்றன, ஓதமும் பெரிய அலையும் சேர்ந்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும், பெருமூச்சு மாதிரி சத்தம் வரும். அங்கே மகளின் கையை விடாதீர்கள், துளைக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

மலைப்பாதை:

காரெஸ்: போன்செபோஸிலிருந்து காயின் வரை ஒரு பக்கம் 12 கி.மீ., திரும்பி வரவும் அதே 12. நீர்மின் கால்வாயைப் பராமரிக்கப் பாறையைக் குடைந்து போட்ட பாதை, அதனால் தொடக்க ஏற்றத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சமதளம். பல இடங்களில் கைப்பிடி கிடையாது, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பாதை அகலமாகவே இருக்கிறது, பயப்படாத 12 வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும். காயின் பக்கம் கார் வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள், மலையைச் சுற்றிச் சாலையில் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காயின் பக்கத்துச் சுரங்கங்களும் பாலங்களும்தான் மிக அழகு, ஆனால் போன்செபோஸிலிருந்து பாதித் தூரம் போய்த் திரும்பினாலும் குறையில்லை. காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள்.

நீங்களும் மகளும் நடக்கும் நாளில் அம்மாவும் மனைவியும் அதே போன்செபோஸிலிருந்து பூல்னேஸுக்குப் போகட்டும். 2001 வரை அந்த ஊருக்கு வழியே இல்லை, நடந்துதான் ஏற வேண்டும், நோயாளியைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். இப்போது மலைக்குள் 2 கி.மீ.க்கு மேல் சுரங்கம் குடைந்து கயிற்று ரயில் விட்டிருக்கிறார்கள், ஏழே நிமிடம். மேலே போனால் கல் வீடுகள், ஓடை, கொஞ்சம் நடந்தால் உர்ரியேயு சிகரம் தெரியும் பார்வைத்தளம். 2,519 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறைத் தூண்மேல் முதலில் ஏறியது 1904-இல், பேத்ரோ பிதால் என்ற பிரபுவும் காயின் ஊர்க்காரர் கிரெகோரியோ பெரேஸும். 1918-இல் கோவதோங்கா ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்காவானதற்கும் பின்னால் நின்றவர் அதே பிதால்தான்.

ஃபுவென்தே தே கம்பிவட வண்டி நால்வருக்குமே. 753 மீட்டர் உயரத்தை நாலு நிமிடத்தில் ஏற்றிவிடும், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பல நாட்களில் கீழே மேகம், மேலே வெயில், மேகம் காலடியில் கடல் மாதிரி கிடக்கும். ஜூனில் ஓரங்களில் பனி இருக்கலாம், அம்மாவுக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

நீலக்கரை:

போய்வந்துவிட்டோம், எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவனாவேன்.

கடைசியில் சான் செபாஸ்தியான் 2, பில்பாவோ 1, யானெஸ் 4, போத்தேஸ் 2, மிச்ச ஒரு இரவு ஓவியேதோ. ஓவியேதோவிலிருந்து மாட்ரிட் அதிவேக ரயில், மூன்றேகால் மணி நேரம் (பஹாரெஸ் மலைக்கு அடியில் 25 கி.மீ. சுரங்கம், 2023 நவம்பரில்தான் திறந்தார்கள்). காரை பில்பாவோவில் எடுத்து ஓவியேதோவில் விட்டதற்குக் கூடுதல் கட்டணம் கட்டினோம், அது உறுத்தவில்லை.

யானெஸில் முதல் இரண்டு நாளும் தூறல். பழைய திட்டப்படி போயிருந்தால் அந்த ஊர் எங்களுக்கு அவ்வளவுதான். முதல் நாள் ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் இருக்கும் அல்தாமிரா குகைக்குப் போனோம். அசல் குகையை 2002-இல் மூடினார்கள், இப்போது மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள், நாங்கள் பார்த்தது பக்கத்திலேயே அப்படியே வடித்துவைத்த நகல் குகை. நகல் என்பதால் எனக்குத் தயக்கம் இருந்தது, ஆனால் பாறையின் புடைப்பையே காட்டெருமையின் முதுகாக வைத்து வரைந்திருப்பதைப் பார்த்ததும் மகள் கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். 1879-இல் அந்தக் கூரை ஓவியங்களை முதலில் கவனித்ததும் ஒரு சின்னப் பெண், மரியா, அப்பாவோடு குகைக்குள் வந்தவள். என் மகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இரண்டாம் நாள் சும்மா ஊருக்குள் நடந்தோம், அன்றுதான் அம்மா ஓர்ரேயோவைப் பார்த்தார். நான்கு தூண்மேல் நிற்கும் மரக் களஞ்சியம், ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தட்டைக் கல், எலி ஏற முடியாது. அம்மா மன்னார்குடிப் பக்கம் பத்தாயம் இருந்த வீட்டில் வளர்ந்தவர். அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல எலிக்குப் பூனை வளர்த்தோம், இவங்க கல்லு வெச்சுட்டாங்க" என்றார். வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்து, ஏணியை எடுத்துப் போட்டு உள்ளே காட்டினார். ஒரு சொல் பொதுவில்லாமல் இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் நாள் வானம் திறந்தது. காரெஸ் போனோம், மகளும் நானும் எட்டு கி.மீ. போய்த் திரும்பினோம். ஒரு வளைவில் மலையாடுகள் பாதையை மறித்துக்கொண்டு நின்றன, நாங்கள்தான் ஒதுங்கினோம்.

சாரல்விரும்பி, கத்தீட்ரல்ஸ் போகவில்லை, நாலாம் நாள் ஓதம் வற்றும் நேரம் அதிகாலையில் விழுந்தது. அது இன்னும் மனதில் இருக்கிறது.

அடுப்பங்கரை:

அம்மா பூல்னேஸ் போனாரா? சாப்பாடு என்ன ஆச்சு?

நீலக்கரை:

போனார். மேலே ஒரு சின்னக் கடையில் அர்ரோஸ் கோன் லெச்சே இருந்ததாம், மனைவி படம் அனுப்பினாள், இரண்டு கிண்ணம் காலி. இரவில் தினமும் வீட்டில் ரசம் சாதம்தான். பாத்ரோன் மிளகாயில் ஒன்று மட்டும் காரமாக வந்தது, அது அம்மாவுக்கே வந்தது, அதைத்தான் நல்ல மிளகாய் என்று சொன்னார்.